இருநூற்று மூன்றாம் அறையின் சுவர்

ஆகஸ்ட் 18, ராஜபாளையம்

லாட்ஜ் அறையில் பெட்டியை வைத்ததும் முதலில் பாத்ரூமைத்தான் திறந்தேன். என் வீட்டுக்காரர் சௌந்தரபாண்டி கட்டிலில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே, "ஆரம்பிச்சிட்டியா?" என்றார்.

ஆரம்பிக்காமல் எப்படி? வாசலில் கால் வைக்கும் இடத்திலேயே டைல்ஸ் கல்லின் வெட்டுத்துண்டு. முழுக் கல்லை வாசலில் தொடங்கி, வெட்டியதைக் கதவுக்குப் பின்னால் மூலையில் ஒளிக்க வேண்டும். வேலைக்கு வந்த முதல் வருஷமே தெரிந்துகொள்ள வேண்டிய பாடம். தண்ணீர் போகிற ஓட்டை தரையைவிட ஒரு விரல் உயரமாக இருக்கிறது. தண்ணீர் மேடேறிப் போக வேண்டுமாம். சுவரில் பூப்போட்ட கல் வரிசையில் ஒன்று தலைகீழ். யாரோ ஒருவன் அதை ஒட்டிவிட்டு, பின்னால் தள்ளி நின்று ஒரு முறைகூடப் பார்க்காமல் போயிருக்கிறான்.

"பவுனு, நாம பத்திரிகை வைக்க வந்திருக்கோம். கக்கூசுக்கு மார்க் போட வரல."

"நூத்துக்கு முப்பத்தஞ்சு. பாஸ்."

வேலை நடக்கும் இடத்தில் தினமும் எழுதுவது என் பழக்கம். எத்தனை கல் போட்டோம், யார் வரவில்லை, எந்த மூலையில் பிசகு. இந்தப் பதினைந்து நாளும் வேலை இல்லை. செப்டம்பர் ஒன்றாம் தேதி தென்காசியில் மகள் தேன்மொழிக்குக் கல்யாணம். ஆனாலும் நோட்டை எடுத்து வந்திருக்கிறேன்.

மாப்பிள்ளை திருமலைக்குமார். குற்றாலத்தில் அவரும் அவர் அம்மாவும் ஹோட்டல் நடத்துகிறார்கள். என் வீட்டுக்காரருடைய சொந்தக்காரர்கள் கடையநல்லூர், புளியங்குடிப் பக்கம் இருப்பதால், பத்திரிகை வைத்து முடிக்கும்வரை தங்கள் ஹோட்டலில்தான் தங்க வேண்டும் என்று சம்பந்தியம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நாளை அங்கே.

ஆகஸ்ட் 19, குற்றாலம்

சம்பந்தியம்மா பிரமசக்தி வாசலிலேயே நின்றிருந்தார். "வாங்க மதினி, வாங்க. பஸ்ஸுல ரொம்ப அலைச்சலா?" என்று என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். வீட்டுக்காரர் இறந்து ஆறு வருஷமாக ஒற்றை ஆளாக ஹோட்டலை நிலைநிறுத்தியிருக்கும் பெண். நடையிலேயே தெரிகிறது. எனக்குப் பிடித்த நடை.

இரண்டாம் மாடியில் 203 கொடுத்தார்கள். சாரல் ஜன்னலுக்கே வருகிறது.

"ரெண்டாம் மாடி பூராவும் புதுசு மதினி. என் தம்பி ஆவுடையப்பன்தான் காண்ட்ராக்ட் எடுத்துச் செஞ்சான். பெரிய பெரிய கல்லு. மெட்ராஸ் ஹோட்டல் மாதிரி இருக்குல்லா? நீங்க இந்தத் தொழில்ல இருக்கவுக. பாத்துச் சொல்லுங்க."

நான்கடிக்கு இரண்டடிக் கல். பளிங்கு மாதிரி வழவழப்பு. கோடுகள் நேராக இருந்தன. பார்வைக்குக் குறை இல்லை. அவர் கீழே போனதும் பர்ஸிலிருந்து ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்து, குளிக்கும் பக்கத்துச் சுவரைத் தட்டினேன்.

கல்லுக்குப் பின்னால் முழுக்கச் சாந்து பிடித்திருந்தால் 'டக்' என்று ஒரே சத்தம் வரும். இங்கே நடுவில் 'டக்', நாலு மூலையில் 'டக்', மீதி இடமெல்லாம் காலி டப்பாவைத் தட்டின மாதிரி 'டொப், டொப்'. ஐந்து உருண்டை சிமெண்ட் வைத்து, மேலே கல்லை அழுத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். அதுவும் சாதாரண சிமெண்ட். இந்த வழவழப்புக் கல் தண்ணீரை உறிஞ்சாது. சிமெண்ட் அதைப் பிடிக்காது. இதற்கென்று தனிப் பசை இருக்கிறது.

இரவு சாப்பாட்டின்போது, "எப்பிடி இருக்கு மதினி?" என்று கேட்டார்.

"கோடெல்லாம் ரொம்ப நேரா இருக்கு," என்றேன். பொய் இல்லை.

ஆகஸ்ட் 20

கல்யாணத்துக்கு வரும் நம் ஆட்களை எந்தெந்த அறையில் வைப்பது என்று பார்க்க வேண்டும் எனச் சொல்லிச் சாவிக்கொத்தை வாங்கினேன். முதல் மாடி பன்னிரண்டு அறையும் பழைய வேலை. அசையாது. இரண்டாம் மாடி பன்னிரண்டிலும் டொப் டொப். 208-இல் தலைக்கு மேலே இருக்கும் கல்லின் ஓரம் ஒரு நூல் அளவு வெளியே வந்திருக்கிறது. விரலால் தடவினால்தான் தெரியும்.

ஒரு கல் பதினாலு கிலோ.

சௌந்தரபாண்டியிடம் சொன்னேன். முப்பது வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கொடுத்தவர். எல்லாரும் ஏறி இறங்கினால் போதும், சண்டை கூடாது என்பவர்.

"விழுந்திருச்சா?"

"இன்னும் இல்ல."

"பெறகு என்ன? வேலை முடிஞ்சு ஏழு மாசம் ஆச்சாம். நிக்குதில்ல?"

"இந்த ஏழு மாசத்துல பாதி நாள் ரூம் காலி. கல்யாணத்தன்னைக்குப் பன்னெண்டு ரூம்லயும் பிள்ளைக, வயசானவங்கன்னு மாத்தி மாத்தி வெந்நீர்ல குளிப்பாங்க. ஆவி அடிக்கும். எங்க போய் நிக்கும்?"

"ஆவுடையப்பன் யாரு? மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். மாலை எடுத்துக் கொடுக்க வேண்டிய ஆளு. அவரு செஞ்ச வேலையைக் குறை சொல்லி, கல்யாணத்துக்கு வரமாட்டேன்னு மொறைச்சுக்கிட்டா? பவுனு, ஒன்னு கேக்கறேன், கோவிக்காத. பிள்ளையை அனுப்ப மனசு வராம குத்தம் தேடுறியா?"

கோபப்படவில்லை. 208-க்கு அவரைக் கூட்டிப்போய், அவர் விரலை எடுத்து அந்த ஓரத்தில் வைத்தேன். அவர் தானாகவே இன்னொரு முறை தடவிப் பார்த்தார்.

ஆகஸ்ட் 21

தப்பு செய்தவரிடம் முதலில் தனியாகச் சொல்ல வேண்டும். என் ஆட்களிடமும் அப்படித்தான். அதனால் ஆவுடையப்பனைத் தேடி மேலகரத்தில் அவர் கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்குப் போனேன். ஐம்பத்தைந்து வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு போன்.

"வாங்க, வாங்க. என்ன இவ்வளவு தூரம்?"

பதமாகத்தான் சொன்னேன். "அண்ணாச்சி, மாடிப் பாத்ரூம் சுவர்ல பெரிய கல்லு முழுசாப் பிடிக்கல. குளிக்கிற பக்கம் மட்டும் கழட்டி, பசை போட்டுத் திரும்ப வச்சிடலாம். ஒரு வாரம் போதும். நீங்களே செஞ்ச மாதிரி இருக்கட்டும். என் ஆளுகளை அனுப்பறேன். யாருக்கும் தெரிய வேண்டியதில்ல."

அவர் சிரித்தார். "முப்பது வருசமா சிமெண்டுலதான் ஒட்டுதேன். ஒண்ணும் விழல." பிறகு தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தார். "நிச்சயத்தன்னைக்கே எங்கேயோ பாத்த முகமா இருக்கேன்னு நெனச்சேன். திண்டுக்கல் பழனி ரோட்டுல மில்லு குவார்ட்டர்ஸ் கட்டும்போது மணல் சொமந்த பிள்ளதான நீ? நான் அங்க ஆறு மாசம் வேலை பாத்தேன்."

"ஆமா."

"எங்கக்கா, நீ பெரிய டைல்ஸ் கடை வச்சிருக்கன்னுல்லா ஊரு பூரா சொல்லிக்கிட்டிருக்கா. நான் ஒரு வார்த்தை சொன்னாப் போதும். பேசாம கல்யாண வேலையப் பாரு."

போகும்போது 'வாங்க'. திரும்பும்போது 'பாரு'.

இதை எழுதி வைக்க வேண்டும். தரகர் அவர்களிடம் 'டைல்ஸ் பிசினஸ்' என்றுதான் சொன்னார். பிரமசக்தி அதைக் கடை என்று எடுத்துக்கொண்டார். பெண் பார்க்க வந்த அன்று, "கடை எந்த ரோட்டுல மதினி?" என்று கேட்டார். அந்த நேரம் பார்த்துக் காப்பி வந்தது. பிறகு நாலு மாதமாகச் சந்தர்ப்பம் அமையவில்லை.

ஆகஸ்ட் 22

கடையநல்லூரில் ஏழு வீடு, சொக்கம்பட்டியில் மூன்று. எல்லா வீட்டிலும் காப்பி. வேறு ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 23

நாலு மாதமாகச் சந்தர்ப்பம் அமையவில்லை என்று நேற்று முன்தினம் எழுதியிருக்கிறேன். படித்துப் பார்த்தேன். நன்றாக இல்லை.

தேன்மொழி மதியம் வந்து சேர்ந்தாள். பேங்கில் இன்றுதான் லீவு கிடைத்தது. சாப்பிட்டு முடித்ததும் ஐந்தருவிப் பக்கம் நடந்தோம். எல்லாவற்றையும் சொன்னேன். மாமன் மிரட்டியதையும் சொன்னேன்.

அவள் நின்றுவிட்டாள். "அம்மா, அவங்க வீட்டுல நீங்க இன்னும் சொல்லவே இல்லையா?"

"சொல்லக் கூடாதுன்னு இல்ல..."

"நான் அவர்கிட்ட மொத நாள் போன்லயே சொல்லிட்டேன். எங்கம்மா சித்தாளா இருந்து, கல்லு போடப் படிச்சு, இன்னைக்குப் பதினோரு பேரை வச்சு வேலை வாங்குறாங்கன்னு. அவர் கேட்ட அடுத்த கேள்வி என்ன தெரியுமா? 'உங்கம்மாகிட்ட சுத்தியலை யாரு மொதல்ல குடுத்தா?'ன்னார். அந்தக் கேள்விக்காகத்தான் நான் சரின்னே சொன்னேன்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். சாரல் காற்று ஒத்துக்கொள்ளவில்லை.

"அப்ப அவர் அம்மாகிட்ட ஏன் சொல்லல?"

"அது நீங்க சொல்ல வேண்டியதுன்னு நெனச்சிருப்பார். கடை இல்லன்னு உங்களுக்குத்தானே வெக்கம்? எனக்கு இல்ல." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "சுவரையும் சொல்லுங்க, இதையும் சொல்லுங்க. கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லுங்கம்மா. அவங்க எப்படி எடுத்துக்கிறாங்கன்னு நானும் பாக்கணும். நான் காலம் பூரா இருக்கப் போற வீடு."

இவளை இவ்வளவு தெளிவாக யார் வளர்த்தது என்று நினைத்தேன். பிறகு நினைவு வந்தது.

ஆகஸ்ட் 24

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை பத்து மணிக்குப் பிரமசக்தியையும் மாப்பிள்ளை குமாரையும் 203-க்கு வரச் சொன்னேன். ஆவுடையப்பனையும் கூப்பிடச் சொன்னேன். அவரும் வந்தார். என் வீட்டுக்காரர் கட்டில் ஓரத்தில் கைகட்டி நின்றார். தேன்மொழி கதவருகே.

முதலில் என்னைப் பற்றிச் சொன்னேன். "மதினி, எனக்குக் கடை கிடையாது. பத்தொம்பது வயசுல மணல் சுமந்தேன். இருபத்தாறுல கல்லு ஒட்டப் படிச்சேன். இன்னைக்கும் குனிஞ்சு நானே போடுவேன். நீங்க கடைன்னு நெனச்சது தெரிஞ்சும் நான் திருத்தல. அது என் தப்பு."

ஆவுடையப்பன் வாயைத் திறந்தார். அவர் சொல்ல வைத்திருந்ததை நான் சொல்லிவிட்டதால் சொல்ல ஒன்றும் இல்லை. மூடிக்கொண்டார்.

பிரமசக்தி மகனைப் பார்த்தார். "ஒனக்குத் தெரியுமால?"

"தெரியும்மா."

அவர் முகம் சிவந்தது. என்னிடம் திரும்பினார். "மண்ணு சொமந்தத நான் குத்தமா நெனப்பேன்னு நெனச்சீகளா? எங்க வீட்டுக்காரவுக தவறுன வருசம், வேலைக்கு ஆளு நின்னுபோயி, இந்தப் பாத்ரூம் எல்லாத்தையும் நாந்தான் கழுவுனேன். மதினின்னு வாய் நெறையக் கூப்பிட்டவகிட்ட மறைச்சிட்டீகளே."

தலையைக் குனிந்து நின்றேன். நான் அப்படி நிற்பது அபூர்வம் என்று என் வீட்டுக்காரர் பிறகு சொன்னார்.

அடுத்து நாணயத்தை எடுத்துச் சுவரைத் தட்டிக் காட்டினேன். 'டக்' எங்கே, 'டொப்' எங்கே என்று. குமார் என்னிடமிருந்து நாணயத்தை வாங்கி அவரே தட்டினார். மேலிருந்து கீழே, வரிசை வரிசையாக. முடித்துவிட்டு, "ஒரு கல்லை எடுத்துப் பாப்போம் அத்தை," என்றார்.

"என்னலே எடுக்கது?" என்று ஆவுடையப்பன் சத்தம் போட்டார். "எக்கா, நேத்து வந்த பொம்பள பேச்சக் கேட்டு ஒம்மவன் சுவர ஒடைக்கச் சொல்லுதான், நீ பாத்துக்கிட்டு நிக்கே! நான் செஞ்ச வேலை இது!"

பிரமசக்தி தம்பியையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டு, "ஒரு கல்லுதான. எடுக்கட்டும்," என்றார்.

நான் சொன்னேன்: "அண்ணாச்சி, பின்னால முழுசாப் பிடிச்சிருந்தா எல்லார் முன்னாலயும் உங்க கால்ல விழுந்து மன்னிப்புக் கேக்கறேன்."

ஸ்டூலில் ஏறி, மேல் வரிசைக் கல்லைச் சுற்றியிருந்த இடைவெளிப் பூச்சை, என் பையில் எப்போதும் கிடக்கும் தகடு வைத்து அறுத்தேன். நான்கு பக்கமும் அறுத்து இறங்கி, கல்லைப் பிடித்து எடுக்கும் ரப்பர் கைப்பிடியைப் பையிலிருந்து எடுக்கக் குனிந்தேன். அதற்குள் ஆவுடையப்பன் என்னைத் தாண்டி உள்ளே போனார்.

"யானை வந்து முட்டினாலும் அசையாது. பாரு!" என்று அந்தக் கல்லை உள்ளங்கையால் ஓங்கி அறைந்தார்.

சத்தம் வருவதற்கு முன்னால் கல்லின் மேல் ஓரம் சுவரைவிட்டு விலகுவது எனக்குத் தெரிந்தது. அவருடைய சட்டையைப் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்து இழுத்தேன். இருவரும் வாசலில் விழுந்தோம். கல் அவர் நின்ற இடத்தில் முனைகுத்தி விழுந்து மூன்று துண்டானது. ஒரு துண்டு அவர் பாதத்தைக் கிழித்துவிட்டது.

தேன்மொழிதான் முதலில் அசைந்தாள். துவாலையை எடுத்து அவர் பாதத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். குமார் கார் எடுக்க ஓடினார். பிரமசக்தி உடைந்த கல்லில் ஒரு துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். ஓரத்தில் வட்டமாக ஒரு சிமெண்டுத் தடம். மீதி இடமெல்லாம் சுத்தம். கம்பெனிப் பெயரை எழுத்துக் கூட்டிப் படிக்கலாம்.

நாலு தையல். ஆஸ்பத்திரியிலிருந்து ஆவுடையப்பன் நேராகத் தன் வீட்டுக்குப் போய்விட்டார். கல்யாணத்துக்கு வரமாட்டேன், மாலைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று குமாரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

சாயங்காலம் பிரமசக்தி என் அறைக்கு வந்தார். உட்காரவில்லை. "கல்யாணத்துக்குள்ள செய்ய முடியுமா மதினி?"

மதினி என்று சொன்னார்.

"முடியும்," என்றேன்.

ஆகஸ்ட் 25

திண்டுக்கல்லிலிருந்து என் ஆட்கள் ஒன்பது பேர் வேனில் வந்து இறங்கினார்கள். பசை மூட்டைகளும் வந்தன. ஒவ்வொரு பாத்ரூமிலும் குளிக்கும் பக்கத்துச் சுவர் மட்டும், எட்டுக் கல். பன்னிரண்டு அறைக்குத் தொண்ணூற்றாறு. மேலிருந்து கீழே கழற்றி, பின்பக்கம் சுரண்டி, பசையைச் சீப்பு மாதிரி விளிம்புள்ள பல் கரணையால் சீவித் தடவி, கீழிருந்து மேலே திரும்ப வைக்க வேண்டும். தரையில் தண்ணீர் ஓடும் வாட்டம் சரியில்லாத அறைகளைக் கல்யாணம் முடிந்து பார்க்கலாம். யாரும் அதனால் சாக மாட்டார்கள்.

நான் புடவையை இழுத்துச் செருகி, மேலே என் வேலைச் சட்டையைப் போட்டுக்கொண்டேன். ஒளிக்க இனி ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 26

31 கல். கழற்றும்போது உடைந்தது இரண்டு. 208-இல் அந்த ஓரம் துருத்திய கல்லை, ரப்பர் பிடி போடாமல், விரல் நகத்தால் எடுத்தேன்.

ஆகஸ்ட் 27

பிரமசக்தி மதியம் மேலே வந்தார். ஒரு கரண்டிப் பசையை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தார். "தோசை மாவு கணக்கா இருக்கே."

"அதவிடக் கொஞ்சம் கெட்டி மதினி. பல் கரணையைக் கவுத்துப் பிடிச்சா சொட்டக் கூடாது."

பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு மணி நேரம் இருந்தார். போகும்போது சொன்னார்: "அவ்வோ தவறுன வருசம் எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. எங்க கையெழுத்துப் போடணும்னுகூட. தம்பிதான் கூட நின்னான். அவன் செய்யுத வேலைய எப்பிடிச் சந்தேகப்படுவேன்? அவன் இல்லாம எம்மவன் கழுத்துல எப்பிடி மாலை ஏறும்?"

தம்பியைப் போய்ப் பார்க்கும்படி என்னிடம் சொல்லவில்லை. நானும் போகிறேன் என்று சொல்லவில்லை. நான் சொன்னதில் தப்பில்லை. தனியாகவும் போய்ச் சொன்னேன். இதற்கு மேல் என்ன?

ஆகஸ்ட் 28

இதுவரை 72. மழை. மாப்பிள்ளை கல் சுமக்கிறார். வேண்டாம் என்றால் கேட்பதில்லை. கல்லைப் படுக்கையாகத் தூக்காமல் செங்குத்தாகத் தூக்க வேண்டும் என்று ஒரு முறைதான் சொன்னேன். மறு முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மாப்பிள்ளைக்கு நூற்றுக்கு எவ்வளவு என்று என் வீட்டுக்காரர் கேட்டார். சொல்லவில்லை.

ஆகஸ்ட் 29

தொண்ணூற்றாறும் முடிந்தது. குளித்துவிட்டு, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை எல்லாம் எடுத்துவைத்தேன்.

"எங்க?" என்றார் இவர்.

"ஆவுடையப்பன் அண்ணாச்சி வீட்டுக்கு."

"மன்னிப்புக் கேக்கவா?"

"பத்திரிகை வைக்க. பொண்ணு வீட்டுச் சார்பா நாம இன்னும் வைக்கல."

இரண்டு பேரும் போனோம். அவர் மனைவிதான் கதவைத் திறந்தார். ஆவுடையப்பன் உள்ளறையில் இருந்தார். கதவு பாதி மூடியிருந்தது. கட்டுப் போட்ட பாதம் ஸ்டூல் மேல் இருப்பது மட்டும் தெரிந்தது. அந்த அம்மா தாம்பாளத்தை வாங்கிக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "எக்கா, வந்ததுதான் வந்தீக. எங்க வீட்டுப் பாத்ரூமையும் கொஞ்சம் தட்டிப் பாத்துட்டுப் போவீகளா? அன்னைலருந்து குளிக்கவே பயமா இருக்கு."

பர்ஸில் நாணயம் இருந்தது.

சின்னக் கல், ஆறுக்கு ஆறு அங்குலம், வெளிர்பச்சை. இருபது வருஷத்துக்கு முந்தைய சரக்கு. தட்டினேன். டக். டக். டக். தரையிலிருந்து கூரைவரை ஒரு இடத்தில்கூடக் காலிச் சத்தம் இல்லை. வாசலில் முழுக் கல். வெட்டுத்துண்டு கதவுக்குப் பின்னால். ஒரு குவளைத் தண்ணீரைத் தரையில் ஊற்றினேன். எங்கும் நிற்காமல், யாரையும் கேட்காமல், ஓட்டைக்குப் போனது. குழாய் வரும் இடத்தில் கல்லை வட்டமாக வெட்டியிருந்தார்கள். அப்போது மெஷின் கிடையாது. குறட்டால் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்து எடுத்திருக்க வேண்டும். நான் அதை இப்படிச் செய்ய ஐந்து வருஷம் ஆனது.

"இது யாரு போட்டது?"

"அவ்வோதான். கல்யாணமான புதுசுல. அவ்வளவு கல்லும் அவ்வோ கையாலயே."

"நல்ல கை," என்றேன். "இந்த மாதிரி வாட்டம் என் ஆளுக ஒருத்தனுக்கும் வராது. சின்னக் கல்லுக்குச் சிமெண்டுதான் சரி. அது உறிஞ்சும், பிடிச்சுக்கும். பெரிய கல்லு வேற சாதி. புதுசா வந்தது. அதுக்கு வேற பக்குவம். அத யாரும் இவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டாங்க. எனக்கே ஒரு சுவர் விழுந்த பெறகுதான் தெரிஞ்சது."

கொஞ்சம் சத்தமாகச் சொல்லியிருப்பேன் போலிருக்கிறது. உள்ளறையில் ஸ்டூல் நகர்ந்தது.

வெளியே வந்ததும் இவர் கேட்டார், "உன் சுவர் விழுந்துச்சா? எப்ப? எனக்குத் தெரியாதே."

"ஒட்டன்சத்திரத்துல. கல்யாண மண்டபம். நல்ல வேளை, ஆள் இல்ல." இத்தனை வருஷத்தில் அதை யாரிடமும் சொன்னதில்லை. இந்த நோட்டிலும் எழுதவில்லை. இப்போது எழுதிவிட்டேன்.

ஆகஸ்ட் 31

ஆட்கள் வந்து குவிந்துவிட்டார்கள். இரண்டாம் மாடியில் பன்னிரண்டு அறையும் நிறைந்துவிட்டது. காலையிலிருந்து வெந்நீர் ஓடுகிறது. ஒவ்வொரு அறையாகப் போய், சோப்பு இருக்கிறதா, துண்டு இருக்கிறதா என்று கேட்கிற சாக்கில் சுவரைப் பார்த்துவிட்டு வந்தேன். ஆவுடையப்பனிடமிருந்து தகவல் இல்லை. பிரமசக்தி கேட்கவில்லை. போய்வந்ததை நானும் சொல்லவில்லை.

செப்டம்பர் 1, தென்காசி

ஏழரைக்கு முகூர்த்தம். ஏழு மணிக்கு மாப்பிள்ளைக்கு மாமன் மாலை. ஏழே காலாகியும் மாலை தட்டில்தான் இருந்தது. புரோகிதர் இரண்டு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டார். ஒன்றுவிட்ட தம்பி ஒருவரை எடுத்துக் கொடுக்கச் சொல்லலாமா என்று பிரமசக்தியிடம் யாரோ கேட்டார்கள். அவர் தலையாட்டப் போன நேரத்தில் மண்டப வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது.

ஒரு காலில் செருப்பு, இன்னொரு காலில் கட்டு. மனைவி தோளைப் பிடித்துக்கொண்டு ஆவுடையப்பன் நடந்து வந்தார். யாரையும் பார்க்கவில்லை. மேடை ஏறும்போது மட்டும் தடுமாறினார். குமார் எழுந்து வந்து கையைக் கொடுத்தார். மாமன் மாலையை எடுத்து மருமகன் கழுத்தில் போட்டார். பிரமசக்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார்.

தாலி ஏறியது. நான் அழவில்லை. இவரைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார். அவருக்குப் பஸ்ஸில் ஆட்களை எண்ணித்தான் பழக்கம், முகத்தைப் பார்த்து இல்லை.

பந்தி பரிமாறிக்கொண்டிருந்தபோது பின்னால் யாரோ வந்து நின்றார்கள். திரும்பினேன். ஆவுடையப்பன். பார்வை என் மேல் இல்லை. எதிரே சாம்பார் வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பசை," என்றார். "எத்தன மணி நேரம் காயணும்?"

"இருபத்துநாலு. அதுவரைக்கும் தண்ணி படக் கூடாது."

தலையாட்டினார். போகவில்லை. "பல் கரணைன்னாங்க. எத்தன பல்லு?"

"எண்ணிக்கை இல்ல அண்ணாச்சி, ஆழந்தான் கணக்கு. இந்தக் கல்லுக்குப் பத்து மில்லிமீட்டர். சுவர்லயும் தடவணும், கல்லு முதுகுலயும் தடவணும். ஒரே பக்கமாச் சீவணும். அப்பதான் காத்து வெளிய போகும்."

"ரெண்டு பக்கமுமா?"

"ரெண்டு பக்கமும்."

அவர் கையை நீட்டி, காற்றில் ஒரு சுவர் இருப்பது போல மேலிருந்து கீழே ஒரு முறை சீவிப் பார்த்தார். மணிக்கட்டு சரியாகத்தான் திரும்பியது.

"கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்க," என்றேன்.

சாய்த்தார்.